மேஜர் மேல் சந்தேகம்

1978ஆம் ஆண்டு ஜூன் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். ஈப்போவில் மழை பிடித்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. வாசல் தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் என் மச்சான் சொன்னது முதல் தடவை காதில் விழவில்லை. என் மனைவியின் தம்பி அவர். பீடோரிலிருந்து பஸ் ஏறி, நனைந்த சட்டையோடு வந்து நின்றவருக்குத் துண்டு கொடுத்து உட்கார வைத்து மறுபடியும் கேட்டேன்.

“பொண்ணு நல்ல பொண்ணுதானாம். குடும்பமும் நல்ல குடும்பந்தானாம். ஆனா சந்தேகப் புத்தின்னு கேள்விப்பட்டாங்களாம். கொஞ்சம் யோசிக்கணுங்கிறாங்க, மச்சான்.”

“யாருக்குச் சந்தேகப் புத்தி?”

“நம்ப வசந்தாவுக்குத்தான். மேஜர் மேலயே சந்தேகப்படுதாம்லா.”

“எந்த மேஜர்?” என்று என் மனைவி சமையலறையிலிருந்து கத்தினாள். அவளுக்குக் கதை படிக்கும் பழக்கம் கிடையாது. எனக்கு உடனே விளங்கிவிட்டது.

வசந்தா எங்கள் ஒரே மகள். வயது இருபத்து மூன்று. ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பீடோருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த பையனை அவளுக்குப் பார்த்திருந்தோம். ஜூலை இரண்டாம் தேதி நிச்சயம். மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இந்த நேரத்தில் அந்த வீட்டார் யோசிக்க வேண்டும் என்கிறார்கள்.

மேஜர் என்பவர் உயிருள்ள மனிதர் அல்ல. மெட்ராஸிலிருந்து மாதம் ஒன்றாகக் கப்பலில் வந்துகொண்டிருந்த துப்பறியும் கதைகளின் நாயகன். ஒரு கை இல்லாதவர். இருக்கும் ஒரு கையால் ஜீப் ஓட்டுவார், சுடுவார், மலையிலிருந்து தொங்குவார். அப்போது எண்பத்தைந்து புத்தகங்கள் வந்திருந்தன. அவர் மேல் வசந்தாவுக்குச் சந்தேகம் உண்டு என்பது வீட்டுக்கு வெளியே ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அது எங்களுக்கு அந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்த பெண்மணி.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு ஒன்பது வருடம் வந்தவர். எல்லோருக்கும் புத்தகக்கார அக்கா. என்னைவிட இளையவர்தான், இருந்தாலும் நானும் அக்கா என்றே அழைத்தேன். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். சேலைக்குக் கீழே ஆண்கள் போடுகிற கேன்வாஸ் சப்பாத்து. ஒரு கையில் பெரிய கறுப்புக் குடை, மறு கையில் பிரம்புக் கூடை. கூடை நிறைய வாடகைப் புத்தகங்கள். செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கம், மற்ற நாட்களில் லகாட், பீடோர், மாதம் ஒரு தடவை ஆயர் தாவார் வரைக்கும் பஸ்ஸிலேயே போய்வருவார்.

கூடையின் அடியில் தட்டையான பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். அதற்குள் இருந்தவை முடிவுகள்.

இதை விளக்க வேண்டும். புதுப் புத்தகம் வந்ததும் அவர் சவர பிளேடால் கடைசி அத்தியாயத்தை அறுத்து எடுத்துவிடுவார். அதைத் தனியாக வெள்ளை நூல் போட்டுத் தைத்து டின்னில் வைத்துக்கொள்வார். நமக்குக் கிடைப்பது முடிவில்லாத புத்தகம். படித்து முடித்து அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் முடிவு கையில் வரும். அதையும் அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து படித்துவிட்டுக் கொடுத்துவிட வேண்டும். அந்த நாளில் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு எங்கெங்கோ போயின, வாடகைப் புத்தகங்களும் கூடவே போயின. அதனால்தான் இந்த ஏற்பாடு என்று அவர் ஒரு தடவை சொன்னார். முடிவு தெரியாத புத்தகத்தை யாரும் திருடமாட்டார்கள். நியாயமான ஏற்பாடுதான்.

ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை. முடிவைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: “யாரு மேல சந்தேகம்? ஏன்?”

பதில் சொல்லாதவருக்கு டின் திறக்காது.

ஒரு தீபாவளிக்கு முன்பு லகாட் பக்கம் ஒரு தோட்டத்தில் என் சித்தப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். ரப்பர் பால் வெட்டி முடித்துக் குளித்துவிட்டு வந்த பெண்கள் லயத்துப் படியில் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்த டாக்டர்தான்க்கா. சிரிச்சுக்கிட்டே ஊசி போடுறவன நம்பக் கூடாது.”

“உன் வீட்டுக்காரரு சிரிக்கவே மாட்டாரே, அவர மட்டும் நம்பிட்டியா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரைச் சொன்னவள் மட்டும் சிரிக்கவில்லை.

என் சித்தப்பா தன் பங்குக்கு, “மேஜரு இத்தன புத்தகத்துல ஒரு நாளாவது சோறு தின்னாரா? திங்காத மனுசன் எப்படிலா ஓடுவான்? எனக்கு எழுதுனவன் மேலதான் சந்தேகம்” என்றார்.

தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் ஒருவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். “தோட்டக்காரன் இல்ல. கதையில வேலைக்காரன் மேல பழி வரும், கடைசியில விட்டுருவாங்க.”

“கதையிலதானே விட்டுருவாங்க, மண்டோரே” என்றது ஒரு குரல். மண்டோர் நகர்ந்து போய்விட்டார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, பேசுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து, “போன தடவையும் டாக்டர்னுதான் சொன்ன” என்று சரியாகச் சொல்வார். ஊரில் யார் யாரைச் சந்தேகப்படுகிறார்கள் என்பதை ஒருவர் தலையில் சேர்த்துவைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போகிறார். எதற்காக?

அவருடைய சொந்த அபிப்பிராயம் ஒருவருக்கும் தெரியாது. மேஜர் கதை நன்றாக இருக்கிறதா, முன்னைப்போல இல்லையா, எழுதுபவர் மாறிவிட்டாரா என்று வாசகர்கள் அடித்துக்கொள்வார்கள். ஐம்பதாவது புத்தகத்துக்கு மேல் ஹெலிகாப்டர் அதிகமாகிவிட்டது என்று ஒரு கட்சி. ஹெலிகாப்டர் வந்த பிறகுதான் படிக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு கட்சி. “நீங்க என்னக்கா சொல்றீங்க?” என்று கேட்டால், “எனக்கு என்ன, நான் குடுக்குறவ” என்பார்.

எங்கள் தெருவில் தையல்காரம்மா ஒருவர் இருந்தார். பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அக்கா பார்க்கப் போனார். நாளைக்கு ஆப்பரேஷன், பயமாக இருக்கிறது, அந்த முடிவை மட்டும் கொடுத்துவிடு என்று அந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அக்கா டின்னைத் திறக்கவில்லை. “வீட்டுக்கு வாங்க, தரேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கல் நெஞ்சு என்றாள் என் மனைவி. தையல்காரம்மாவோ, அந்த முடிவுக்காகவே கண் விழித்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். இரண்டில் எது சரி என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

என்னிடமும் ஒரு தடவை கேட்டார். நான் அரசாங்க ஸ்டோரில் சாமான் எண்ணுகிற வேலையில் இருந்தவன். கதை படித்தாலும் எண்ணாமல் இருக்க முடியாது. “யார் மேல் சந்தேகம் என்பது இருக்கட்டும். மேஜரின் துப்பாக்கியில் ஆறு குண்டுதான் போகும். நடுவில் நிரப்பவே இல்லை. ஒன்பது தடவை சுட்டிருக்கிறார்” என்றேன்.

அவர் தலையைச் சாய்த்தார். “சார் குண்ட எண்ணியிருக்கீங்க. செத்தவங்கள எண்ணலையா?”

எண்ணவில்லை. அன்றிலிருந்து அவருக்குப் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டேன். முடிவை வசந்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

வசந்தா அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசுவாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். “மேஜர்தான்க்கா. எந்த ஊருக்குப் போனாலும் இவர் போய் இறங்குன பிறகுதானே கொல நடக்குது? எண்பது ஊர்ல எண்பது கொல. போலீஸ் இவர ஒரு தடவையாவது விசாரிக்க வேணாமா?”

எங்களுக்கு அது வேடிக்கை. பீடோர் வீட்டுக்கு அது சந்தேகப் புத்தியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்ததும் கூடையை இறக்கக்கூட விடவில்லை.

“பீடோர்ல அந்தக் கிராணி வீட்டுல என்ன சொன்னீங்க?”

“கேட்டாங்க. சொன்னேன், சார்.”

“என்ன கேட்டாங்க?”

“பொண்ணு எப்படின்னு கேட்டாங்க. வசந்தா சமைச்சு நான் சாப்பிட்டதில்ல, பாடிக் கேட்டதில்ல. யாரு மேல சந்தேகப்படும்னுதான் எனக்குத் தெரியும். அதச் சொன்னேன்.”

“எவ்வளவு குடுத்தாங்க?”

“காப்பி. ரெண்டு வட. ஆறிப்போன வட.”

என் மனைவி உள்ளேயிருந்து தட்டை டங்கென்று வைத்தாள். நான் குரலை உயர்த்தினேன். “கதையப் பத்திச் சொன்னத வெச்சு ஒரு மனுசிய எடை போடலாமா? நியாயமா இது?”

“நான் எடை போடலையே, சார். அவங்க போட்டாங்க.”

“எத்தன வீட்டுல இப்படிச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க?”

“கேட்ட வீட்டுல எல்லாம்.” மறைக்கவே இல்லை. கல்யாணப் பேச்சு எடுக்கிற வீடுகளில் அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து விசாரிப்பது வழக்கமாகிவிட்டது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எந்தப் பெண் யார் மேல் சந்தேகப்படுகிறாள், எந்தப் பையன் எந்தக் கொலைகாரனுக்காகப் பரிதாபப்படுகிறான் என்பதெல்லாம் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

“நீங்கதான் என்கிட்ட ஒண்ணும் கேக்கல” என்றார். “மாப்பிள்ளையும் மேஜர் படிக்கிறவர்தானே.”

உண்மை. பையனைப் பற்றி நான் ஏழு பேரிடம் விசாரித்திருந்தேன். கோயில் தலைவர், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர், பஸ் கண்டக்டர் உட்பட. சம்பளம், குடி, கடன் எல்லாம் கேட்டேன். ஏழு பேரும் நல்லபடியாகத்தான் சொன்னார்கள். இந்த அம்மாளிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

“சரி, சொல்லுங்க” என்றேன்.

“யாரு மேல சந்தேகம்னு கேட்டா அவர் ஒரு பேரு சொல்ல மாட்டார். ‘எவனா இருந்தா என்ன, கட்டிவெச்சு நாலு போட்டா ஒத்துக்குவான்’ம்பார். எல்லாப் புத்தகத்துக்கும் அதே பதில்தான். ஒரு கதையில அந்த உளவுக்காரிய மேஜர் அறைவாருலா, அந்தப் பக்கத்த மடக்கி வெச்சிருந்தார். ‘இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்’ன்னார்.”

“அவ்வளவுதானா?”

“எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“கதைதானே அது” என்றேன்.

“அதான் சார், கதைதான்” என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டார். வசந்தா உள் அறைக் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

எனக்கு இந்த அம்மாள் மேல் சந்தேகம் கூடியதே தவிர குறையவில்லை. அந்தப் பையனுக்கு வேறு பெண்ணைக் கட்டிவைக்கப் பார்க்கிறாரோ? வசந்தாவுக்கு வேறு பையனை மனதில் வைத்திருக்கிறாரோ? வசந்தாவைப் பற்றி ஒன்பது வருடத்தில் எத்தனையோ நல்லது தெரிந்திருக்கும். அவளுக்குப் பொறுமை உண்டு. ஒரு புத்தகத்தில் ஓரம் கிழிந்தால் பசை போட்டு ஒட்டிக் கொடுப்பாள். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு மாமியார் கேட்டால் அரண்டுபோகிற அந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்து ஏன் சொன்னார்?

மச்சானை பீடோருக்கு அனுப்பினேன். பிள்ளை விளையாட்டாகச் சொன்னது, கதைக்குச் சொன்னது என்று அவர் பேசிச் சமாதானம் செய்தார். ஜூன் இருபத்தைந்தாம் தேதி அவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். பையன், அப்பா, அம்மா, ஒரு அண்ணன், அண்ணி. ஐந்து தட்டில் பழமும் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. பையன் நல்ல உயரம். அடக்கமாகப் பேசினான். மண்டபத்தில் எத்தனை நாற்காலி என்று அவன் அப்பா கேட்டார். நானே எண்ணிவிட்டு வந்திருந்ததால் உடனே சொன்னேன்.

வசந்தா காப்பி கொண்டுவந்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. நின்றாள்.

“நீங்களும் மேஜர் படிப்பீங்களாம்?” என்று பையனைக் கேட்டாள்.

என் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். பையனுக்குச் சந்தோஷம். “எல்லாம் படிச்சிருக்கேன். நீங்க மேஜர் மேலயே சந்தேகப்படுவீங்களாமே?” என்று சிரித்தான். அவன் அண்ணனும் சிரித்தார்.

“ஆமா. அந்த உளவுக்காரிய மேஜர் அறைஞ்சாருல, அதப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன?”

“அதா?” அவன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கெட்ட எண்ணத்தோடும் சொல்லவில்லை. வெகு இயல்பாக, காப்பியை எடுத்துக்கொண்டே சொன்னான்: “வாய் நீண்டா ரெண்டு போட்டாதானே அடங்கும்லா.”

அவன் அப்பா ஓஹோ என்று சிரித்தார். அண்ணன் சிரித்தார், அண்ணி சிரித்தார், மச்சான் சிரித்தார், நானும் சிரித்தேன். அவன் அம்மா மட்டும் முதலில் கணவரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் சிரிப்பது நிச்சயமான பிறகு தானும் சிரித்தார். நான் அதைப் பார்த்தேன். வசந்தாவும் பார்த்தாள்.

அவள் உள்ளே போனாள். பின்னாலேயே போனேன். அடுப்பங்கரையில் வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“வேணாம்ப்பா.”

“வாசல்ல அஞ்சு பேர் உக்காந்திருக்காங்க. கதைக்குச் சொன்னதும்மா அது.”

“நான் சொன்னதும் கதைக்குத்தான். என்னப் பத்தி முடிவு கட்ட அவங்களுக்கு அது போதும்னா, எனக்கு இது போதும்.”

“அந்த அம்மா சொன்னத நம்புறியா?”

“அக்கா சொன்னத நம்பல. அதான் அவர்கிட்டயே கேட்டேன்.”

அவர்களிடம் போய்ச் சொன்னது நான்தான். என்ன சொன்னேன் என்பது முழுதாக நினைவில்லை. ஐந்து தட்டுப் பழத்தையும் அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். திமிர் பிடித்த பெண் என்று படியிறங்கும்போது அண்ணி சொன்னது எல்லோருக்கும் கேட்டது. மச்சான் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை.

அடுத்த செவ்வாய் அக்கா வழக்கம்போல வந்தார். நடந்ததை என் மனைவி சொன்னாள். “அப்படியா” என்றார். வசந்தாவிடம், “யாரு மேல சந்தேகம்?” என்று கேட்டார். மேஜர்தான் என்றாள் வசந்தா. டின் திறந்தது.

நான் விடவில்லை. “அவளப் பத்தி நல்லதா எவ்வளவோ சொல்லியிருக்கலாமே. பீடோர்ல ஏன் அத மட்டும் சொன்னீங்க?”

அவர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். பிறகு குடையின் பட்டையைச் சுற்றிக் கட்டினார். வேண்டுமென்றேதான் சொன்னாரா? அந்த வீட்டார் தாமாகவே விலகிப்போகட்டும் என்று, அவர்களை விரட்டக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னாரா? அல்லது வாயில் வந்ததைச் சொன்னாரா? நானும் இத்தனை வருடமாக யோசித்துப் பார்க்கிறேன். பதில் கிடைக்கவில்லை.

நவம்பர் மாதம் மச்சான் மூலமாக இல்லாமல் வேறொருவர் மூலமாகச் சேதி வந்தது. அந்தக் கிராணிக்கு ஆயர் தாவாரில் பெண் முடிவாகிக் கல்யாணமும் நடந்துவிட்டது. பெண் வீடு அக்காவிடம் புத்தகம் எடுக்கிற வீடு. எனக்குள் பழைய சந்தேகம் துள்ளி எழுந்தது. அவர் வந்ததும் கேட்டேன்.

“ஆயர் தாவார் வீட்டுல உங்களக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“அவரப் பத்திச் சொன்னீங்களா?”

“உங்ககிட்ட சொன்னத அப்படியே சொன்னேன்.”

“அப்புறம்?”

“கதைதானேன்னாங்க, சார்.”

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர் முகத்தில் எதையாவது கண்டேனா என்று கேட்டால், காணவில்லை. ஆனால் வாசலில் நின்று குடையை விரிக்க வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் ஆயர் தாவாரிலிருந்து பீடோருக்கு வந்த பிறகு புத்தகம் எடுப்பதில்லை என்று மட்டும் பின்னால் ஒரு நாள் என் மனைவியிடம் சொன்னாராம். ஏன் என்று என் மனைவி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நின்றுபோன அந்த நிச்சயத்தில் என் பக்கத்துச் செலவு மண்டப முன்பணம் நூற்று ஐம்பது, சமையல்காரருக்கு எண்பது, நிச்சயச் சேலைக்கு நாற்பத்திரண்டு, அச்சடித்து வைத்திருந்த அழைப்புகளுக்குப் பதினைந்து வெள்ளி நாற்பது காசு. ஆக மொத்தம் இருநூற்று எண்பத்தேழு வெள்ளி நாற்பது காசு.